'ஜர்னல்லயே வந்திருக்குங்க': காலநிலைக் கட்டுரைகள், பியர் ரிவ்யூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம், உடுமலை, கோபி, பொள்ளாச்சிப் பக்கம் மழையைப் பற்றிப் பேச்சு எடுத்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டுவார். பூமி சூடாவதெல்லாம் புளுகு, இதோ விஞ்ஞானியே எழுதியிருக்கிறார் என்று அதில் இருக்கும். சில நேரம் அது வெறும் வாட்ஸ்அப் கதை. சில நேரம் உண்மையிலேயே ஓர் ஆய்விதழில் அச்சான கட்டுரை. இந்த இரண்டாவது வகைதான் சிக்கல். 'பியர் ரிவ்யூ ஆனது', அதாவது அதே துறை நிபுணர்கள் மதிப்பாய்வு செய்தது, என்ற முத்திரையைப் பார்த்ததும் நிறையப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர், அந்த முத்திரையே மோசடி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அதைச் சுற்றி நம் பக்கம் வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆடி மாசம் கோயமுத்தூர் குளுகுளுன்னு இருக்கிறது, சூரியன் தூரமாப் போறதாலதானுங்களே?

இல்லைங்க. ஜூலை பிறந்தால் 'அபீலியன்' செய்தி கிளம்பிவிடும்: பூமி சூரியனை விட்டு வழக்கத்துக்கு மாறாக விலகுகிறது, ஆகஸ்ட் வரை குளிர் வாட்டும், சளி காய்ச்சல் வரும், பத்திரம். விலகுவது உண்மை. ஜனவரி முதல் வாரத்தில் சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும் சூரியன், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும். இது வருடா வருடம் நடப்பது. பூமிக்கு வந்து சேரும் வெயிலும் ஜனவரியைவிட ஜூலையில் ஏழு சதவீதம் போலக் குறைவுதான். ஆனால் குளிரைத் தீர்மானிப்பது தூரம் என்றால், மார்கழிப் பனியில் நாம் வெந்து போயிருக்க வேண்டும். பருவங்கள் மாறுவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்.

நமக்கு ஆடியில் குளிர்வதற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடும் மேகமூட்டத்தோடும் நம் பக்கம் பாய்கிறது. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று அதுதான். அதே ஜூலையில் சென்னையில் வெயில் கொளுத்துகிறதே, அவர்களுக்கு மட்டும் சூரியன் பக்கத்தில் இருக்கிறதா?

அது வாட்ஸ்அப். ஆனால் சூரியனின் தூரத்தை வைத்தே ஒரு பெரிய ஜர்னலில் பேப்பர் வந்ததே?

வந்தது. 2019 ஜூனில், 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற இதழில். 'நேச்சர்' இதழை நடத்தும் பதிப்பகத்தின் இதழ் அது. சாதாரண இடம் இல்லை. எழுதியது வாலன்டினா ஷார்கோவாவும் அவருடைய குழுவினரும்.

அவர்கள் தொடங்கும் இடம் சரி. வியாழன், சனி போன்ற பெரிய கோள்கள் இழுப்பதால், சூரியனும் ஒரே இடத்தில் நிற்காமல் சூரியக் குடும்பத்தின் பொது நிறை மையத்தைச் சுற்றிச் சின்னதாக ஆடுகிறது. இதிலிருந்து அவர்கள் ஒரு தாவு தாவினார்கள்: இந்த ஆட்டத்தால் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் பல நூற்றாண்டுக் கணக்கில் கூடிக் குறைகிறது, பூமி சூடாவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று. பூமி சுற்றுவது சூரியனை. சூரியன் ஆடினால் பூமியும் கூடவே ஆடும். இடையில் உள்ள தூரம் அவர்கள் சொன்ன அளவுக்கு மாறாது. ஜூலை மாத வாட்ஸ்அப் செய்தியும் இந்தக் கட்டுரையும் தூரத்தைப் பற்றியே தடுக்கி விழுந்தன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மதிப்பாய்வில் இந்தப் பிழை சிக்கவில்லை. கட்டுரை வெளியானதும் மற்ற வானியலாளர்கள் கண்டுபிடித்தார்கள், பொதுவெளியில் எழுதினார்கள், ஆசிரியர்களோடு வாக்குவாதம் நீண்டது. 2020 மார்ச்சில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் கட்டுரை உலகம் சுற்றி வந்துவிட்டது. 2015-லும் இதே ஷார்கோவா 2030-களில் சூரியனின் செயல்பாடு 60 சதவீதம் குறையும் என்று சொன்னதைப் பத்திரிகைகள் 'குட்டிப் பனியுகம்' ஆக்கின. அந்தக் கணக்கின்படி வலுக்குறைந்து வரவேண்டிய 25-ஆவது சூரியச் சுழற்சி (சூரியனின் செயல்பாடு சுமார் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவது), 2024-ல் முந்தைய சுழற்சியைவிட உயரமாகவே உச்சம் தொட்டது.

அப்படியென்றால் பியர் ரிவ்யூவில் என்னதான் பார்க்கிறார்கள்?

ஒரு கட்டுரை வந்ததும் இதழாசிரியர் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. தங்கள் சொந்த வேலைக்கு நடுவே சில மணி நேரம் ஒதுக்கிப் படிப்பார்கள். முறை சரியாக இருக்கிறதா, முந்தைய ஆய்வுகளைப் படித்திருக்கிறார்களா, சொன்ன ஆதாரத்திலிருந்து சொன்ன முடிவு வருகிறதா என்று பார்ப்பார்கள். சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க மாட்டார்கள். மூலத் தரவைத் தோண்டுவதும் அபூர்வம். யாராவது எண்களைத் துணிந்து கற்பனை செய்திருந்தால் பெரும்பாலும் பிடிபடாது.

சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எஃப்.சி. வாங்கிய வண்டி என்றால், பார்த்த அன்று பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது என்று அர்த்தம். அடுத்த மாதம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்காக எஃப்.சி. இல்லாத வண்டியை யாரும் தேடிப் பிடித்து லோடு ஏற்றுவதும் இல்லை.

இந்த ஏற்பாடு அறிவியல் பிறந்த நாளிலிருந்து இருப்பதும் கிடையாது. லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1665-ல் தொடங்கியபோது, செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தன் தீர்ப்பில்தான் அச்சிட்டார். 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைகளையும் வெளியாருக்கு அனுப்புவதை முறையாக்கியதே 1973-ல். ஐன்ஸ்டைனுக்கு இந்தப் பழக்கமே தெரியாது. 1936-ல் நேதன் ரோசனோடு சேர்ந்து, ஈர்ப்பலைகள் என்று ஒன்று இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி அமெரிக்காவின் 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை ஒரு நிபுணருக்கு அனுப்ப, அவர் பிழைகளைச் சுட்டிக்காட்டிப் பல பக்கம் எழுதிவிட்டார். ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சிடும் முன் யாரிடமும் காட்டச் சொல்லி நான் அனுமதி தரவில்லையே என்று கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு வேறோர் இதழில் அதை வெளியிடுவதற்குள் முடிவு தலைகீழாகியிருந்தது. நிபுணர் சொன்னதுதான் சரி. ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற அந்த நிபுணரின் பெயர் 2005-ல்தான் உறுதியாக வெளியே வந்தது. ஈர்ப்பலைகளையும் 2015-ல் நேரடியாகவே பிடித்துவிட்டார்கள்.

தப்பான காலநிலைக் கட்டுரைகள் எந்த வழியாக உள்ளே வருகின்றன?

பல வழி. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இளகிய ஆசிரியர். 2003-ல் 'கிளைமேட் ரிசர்ச்' இதழில் வில்லி சூன், சாலி பாலியுனஸ் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் வெப்பம் ஒன்றும் புதிதில்லை, இடைக்காலத்திலேயே இப்படி இருந்திருக்கிறது என்பது வாதம். எதை ஆதாரமாக எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் கூத்து. ஓர் இடத்தில் வெப்பம் இருந்தாலும் சரி, வறட்சி இருந்தாலும் சரி, மழை கூடியிருந்தாலும் சரி, அதை 'இடைக்கால வெப்பம்' கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வால்பாறையில் ஒரு நூற்றாண்டு பெய்த மழையையும், கரூரில் வேறொரு நூற்றாண்டு வந்த பஞ்சத்தையும் கூட்டி, கொங்கு நாடே அப்போது சூடாக இருந்தது என்று சொல்கிற மாதிரி.

அந்த இதழில் ஒவ்வோர் ஆசிரியரும் தன்னிடம் வந்த கட்டுரையைத் தானே முடிவு செய்யலாம் என்பது ஏற்பாடு. அதனால் எந்த ஆசிரியரிடம் அனுப்புவது என்று எழுதுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். புதிதாகத் தலைமை ஆசிரியரான ஹான்ஸ் ஃபான் ஷ்டோர்ஷ், இது தவறான கட்டுரை என்று தலையங்கம் எழுத முயன்றார். பதிப்பாளர் இடம் தரவில்லை. அவர் பதவி விலகினார். இன்னும் சில ஆசிரியர்களும் விலகினார்கள். கட்டுரையின் முடிவுகளை அதில் உள்ள ஆதாரம் தாங்கவில்லை என்று பதிப்பாளரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். கட்டுரைக்கான பணத்தில் ஒரு பகுதி அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கத்திடமிருந்து வந்தது. அது கட்டுரையிலேயே எழுதியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க செனட்டில் இந்தக் கட்டுரையைக் காட்டிப் பேசியதெல்லாம் அதே வருடம் நடந்தது.

இரண்டாவது, தங்களுக்குள்ளேயே மதிப்பாய்வு. 2013-ல் 'பேட்டர்ன் ரிகக்னிஷன் இன் ஃபிசிக்ஸ்' என்று ஓர் இதழ் தொடங்கியது. ஒரு சிறப்பிதழில் ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பாய்வு செய்துகொண்டு, பனியுகம் வரப்போகிறது, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. சொல்வதெல்லாம் சந்தேகம் என்று முடிவு எழுதினார்கள். 2014 ஜனவரியில் பதிப்பகமான கோப்பர்னிகஸ் இதழையே மூடிவிட்டது. மதிப்பாய்வாளர்களைச் சொந்தபந்தம் மாதிரித் தேர்ந்தெடுத்தார்கள் என்று வெளிப்படையாகவே காரணம் சொன்னார்கள்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. ஒரு கோளின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது காற்றழுத்தம்தான், பசுங்குடில் வாயுக்களுக்கு வேலையே இல்லை என்று வாதிட்ட நிகோலோவ், செல்லர் என்ற இருவர், தங்கள் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக எழுதிப் புனைபெயரில் கட்டுரை அனுப்பினார்கள். ஒரு விண்வெளி ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. ஆள் யாரென்று தெரிந்ததும் விலக்கிக்கொண்டது. 2016-ல் இது பெரிய செய்தி. எங்கள் பெயரைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள் என்று பயந்தோம் என்றார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு மதிப்பாய்வுக்கு அனுப்பும் இதழ்கள் இருக்கின்றன. ஆனால் தவறான கட்டுரை யார் பெயரில் வந்தாலும் தவறானதுதான். பெயர் மாற்றினால், வெள்ளி கிரகத்தைக் கொதிக்கவைக்கும் கரியமில வாயு காணாமல் போகாது.

எதிர்க்கருத்துக் கட்டுரைகளைக் கூட்டுச் சேர்ந்து தடுக்கிறார்களாமே?

தடுக்க நினைத்தவர்கள் உண்டு. 2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியே வந்தன. அதில் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வாளர் ஃபில் ஜோன்ஸ் 2004-ல் எழுதியது. தனக்குப் பிடிக்காத இரண்டு கட்டுரைகளை அடுத்த ஐ.பி.சி.சி. அறிக்கையில் வரவிடமாட்டோம், அதற்காகப் பியர் ரிவ்யூ என்பதன் வரையறையையே மாற்ற வேண்டியிருந்தாலும் சரி என்கிற தொனியில் அது இருந்தது. படிக்கவே அசிங்கமான மின்னஞ்சல். இதைச் சப்பைக்கட்டுக் கட்டி மூட வேண்டியதில்லை.

ஆனால் அந்த இரண்டு கட்டுரைகளும் 2007 அறிக்கையில் குறிப்பிடப்பட்டே வந்தன. தடுக்க ஆசை இருந்தது, முடியவில்லை. பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, மியூர் ரஸ்ஸல் குழு என்று வரிசையாக விசாரித்தார்கள். தரவுகளை வெளியே தராமல் இழுத்தடித்தது தவறு என்று கண்டித்தார்கள்; எண்களைத் திரித்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

பூமி சூடாகிறது என்று சொல்கிறவர்கள் மட்டும் தப்பே செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று நம் நாட்டைப் பற்றியது. 2007 ஐ.பி.சி.சி. அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோக மிக அதிக வாய்ப்பு என்று ஒரு வரி வந்தது. அத்தனை ஆழமுள்ள பனிக்கட்டி இருபத்தெட்டு வருடத்தில் உருகுமா என்று பனியாற்று நிபுணர் யாரைக் கேட்டாலும் சிரித்திருப்பார். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடினார்கள். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் 2005 அறிக்கை; அதற்கு மூலம் 1999-ல் ஓர் ஆங்கில அறிவியல் வார இதழில் வந்த செய்தி. அதாவது, மதிப்பாய்வு ஆன கட்டுரையே கிடையாது. வரைவைப் படித்தவர்கள் சிலர் கேள்வி எழுப்பியும், அந்த வரி அப்படியே அச்சுக்குப் போனது.

2009 நவம்பரில் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம், புவியியலாளர் வி.கே. ரெய்னா எழுதிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. பனியாறுகள் அவ்வளவு வேகமாக உருகுவதாகத் தெரியவில்லை என்றார் அவர். ஐ.பி.சி.சி. தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று ஏளனம் செய்தார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், 2035 என்பது தவறு என்று ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பனியாறுகள் தேய்ந்துவருவது உண்மை, வருடம்தான் பொய். ஆனால் அந்த ஏளனத்துக்கு இன்றைக்கும் மன்னிப்பு கிடையாது என்பது என் கருத்து.

இன்னொன்று 2018. 'நேச்சர்' இதழில், கடல்கள் நினைத்ததைவிட அதிக வெப்பத்தை உள்வாங்கியிருக்கின்றன என்று லோர் ரெஸ்ப்லாண்டி குழுவின் கட்டுரை வந்தது. காலநிலை அச்சத்தை எப்போதும் விமர்சிக்கும் நிக்கோலஸ் லூயிஸ் என்ற பிரிட்டன்காரர் கணக்கைப் போட்டுப் பார்த்து, பிழை வரம்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்றார். எழுதியவர்கள் சில நாட்களிலேயே ஆமாம் என்றார்கள், நன்றியும் சொன்னார்கள். 2019-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஷார்கோவா கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மதிப்பாய்வு கோட்டை விட்டது. கண்டுபிடித்தவர் எந்தக் கட்சி என்பது இரண்டிலும் முடிவை மாற்றவில்லை.

பீளமேட்டு ஏர்போர்ட்டில் தெர்மாமீட்டர் வைத்தால் சூடு காட்டாமல் என்ன செய்யும்? ஊர் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதானே?

நல்ல கேள்வி. நகரம் தனியாகச் சூடாகும் என்பது உண்மை. கான்கிரீட்டும் தாரும் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடும். அவிநாசி சாலையில் இரவு பத்து மணிக்குப் போய்விட்டு அப்படியே தொண்டாமுத்தூர் பக்கம் போனால் தோலுக்கே தெரியும்.

இதே சந்தேகத்தை அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் கிளப்பினார். 'பெர்க்லி எர்த்' என்று ஒரு திட்டம் தொடங்கி, உலகம் முழுக்க சுமார் 39,000 நிலையங்களின் பதிவுகளைப் புதிதாக அலசினார். எண்ணெய்த் தொழில் பணக்காரரான சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் இதற்குப் பணம் கொடுத்தது; அவர்கள் என்ன எதிர்பார்த்தார்களோ தெரியாது. நகரத்துக்கு வெளியே உள்ள நிலையங்களை மட்டும் எடுத்துப் பார்த்தும் 2011-ல் வந்த முடிவு, பழைய கணக்குகளோடு ஒத்துப்போனது. 2012-ல் முல்லர், மனிதர்களே காரணம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக எழுதினார். கடல் நீரும் சூடாகிறது. கடலில் அவிநாசி சாலை இல்லை.

செயற்கைக்கோள் அளந்தபோது வெப்பம் ஏறவில்லை என்று வந்ததே?

1990-களில் அப்படித்தான் இருந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் தொகுத்த பதிவு அது. இருவரும் திறமைசாலிகள், காலநிலை எச்சரிக்கைகள் மேல் சந்தேகம் உள்ளவர்கள். செயற்கைக்கோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998-ல் வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது ஓரிடத்தைக் கடக்கும் நேரம் நழுவுவதற்கான திருத்தத்தில் கூட்டல் கழித்தல் மாறியிருந்தது 2005-ல் தெரிந்தது. இரண்டையும் அவர்கள் திருத்தினார்கள். இன்று அவர்களுடைய சொந்தப் பதிவே பத்தாண்டுக்கு சுமார் 0.15 டிகிரி வெப்பம் ஏறுவதாகக் காட்டுகிறது.

97 சதவீத விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள். அறிவியல் என்ன ஓட்டுப்போட்டு முடிவு செய்வதா?

இல்லை. 2013-ல் ஜான் குக் குழு 11,944 கட்டுரைச் சுருக்கங்களைப் படித்து, கருத்துச் சொன்னவற்றில் 97 சதவீதம் மனிதக் காரணத்தை ஏற்பதாகக் கணக்கிட்டது. மூன்றில் இரண்டு பங்கு கருத்தே சொல்லவில்லை. நான் இதை வாதத்துக்குப் பயன்படுத்துவதில்லை. மனிதரால் பூமி சூடாவதை மறுக்கும் மனுவில் இருப்பதாக எதிர்ப்பக்கம் காட்டும் 31,000 கையெழுத்துகளையும்தான்.

எரிமலையை விடவா நாம் புகை விடுகிறோம்?

ஆமாம். உலக எரிமலைகள் அத்தனையும் சேர்ந்து வெளியிடும் கரியமில வாயு, நாம் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

கலிலியோவையும் எல்லோரும் எதிர்த்தார்கள். இன்று ஒதுக்கப்பட்டவர் நாளைக்கு ஜெயிக்கக் கூடாதா?

ஜெயிக்கலாம். நம்மவர் ஒருவரே இருக்கிறார். 1935 ஜனவரியில் லண்டனில், இருபத்து நான்கு வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போன விண்மீன், எரிந்து முடிந்த பிறகு வெண்குள்ளன் என்ற சின்ன விண்மீனாக நிற்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும் என்று கணக்கோடு சொன்னார். அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்து வானியலின் பெரிய தலை, இயற்கை அப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று சபையைச் சிரிக்க வைத்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எடிங்டன் சிரிக்க வைத்த பிறகு சந்திரசேகர் மதிப்பாய்வு முறையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1952-லிருந்து 1971 வரை 'ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' ஆசிரியராக இருந்து, கண்டிப்பான மதிப்பாய்வால் அதை உலகின் முதன்மையான வானியல் இதழ்களில் ஒன்றாக்கினார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் ஓரத்தில் தள்ளப்பட்டிருந்தது, கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்ற கருத்தேதான். 1896-ல் ஸ்வீடனின் அரீனியஸ் கணக்குப் போட்டார். 1900-இல் நட் ஆங்ஸ்ட்ரோம் ஒரு சோதனையைக் காட்டி, இருக்கிற வாயுவே உறிஞ்ச வேண்டிய வெப்பத்தை உறிஞ்சிவிட்டது, இன்னும் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்றார். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். 1938-ல் கை கேலண்டர் என்பவர், வானிலை ஆய்வாளர்கூட இல்லை, நீராவி இன்ஜினியர், உலகெங்கும் 147 நிலையங்களின் வெப்பப் பதிவுகளைத் திரட்டி, பூமி சூடாகிவருகிறது, காரணம் எரிபொருள் புகை என்று ராயல் வானிலைக் கழகத்தில் வாசித்தார். கேட்டவர்கள் மரியாதையாகச் சந்தேகப்பட்டார்கள். வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் ஆங்ஸ்ட்ரோமின் வாதம் நிற்காது என்பது 1950-களில்தான் தெளிவானது. 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவாவில் சார்ல்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆகவே, வெளியாள், டிகிரி இல்லாதவர், எல்லோரும் சிரித்தார்கள் என்பதெல்லாம் ஒரு கருத்துக்கு எதிரான வாதம் ஆகாது. ஆதரவான வாதமும் ஆகாது. 1996-ல் மூலிகைப் பெட்ரோலைக் கண்டு விஞ்ஞானிகள் சிரித்தபோது, தமிழ்நாடே அவர்களைத் திட்டியது ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் அது நீதிமன்றத் தண்டனையில் முடிந்தது.

நம் காலேஜ்களில் பணம் கட்டினால் பேப்பர் போட்டுத் தருகிறார்களே, அதுவும் பியர் ரிவ்யூதானே?

பெயருக்கு. கொங்கு மண்டலத்தில் நெடுஞ்சாலையில் போனால் மைலுக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ். ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் பேப்பர், பிஎச்.டி. முடிக்கப் பேப்பர், தர வரிசைக்குப் பேப்பர். அந்தத் தேவைக்கு ஒரு சந்தை தானாகவே முளைத்தது. மூன்று நாளில் மதிப்பாய்வு, ஒரு வாரத்தில் அச்சு என்று வரும் மின்னஞ்சலைப் பார்க்காத விரிவுரையாளர் இருக்கமாட்டார்.

2013-ல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர், பள்ளி வேதியியல் தெரிந்தவரே கண்டுபிடிக்கக்கூடிய ஓட்டைகளோடு ஒரு போலிப் புற்றுநோய் மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவர் குறிவைத்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. 2018-ல் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. வெளிநாட்டுப் பெரிய பெயர்களும் விதிவிலக்கில்லை: ஹிந்தாவி பதிப்பகம் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

காலநிலை வதந்தி பரப்புகிறவர்களுக்கு இந்தச் சந்தை பெரிய வசதி. சூரியனால்தான் எல்லாம் என்று பத்துப் பக்கம் எழுதிப் பணம் கட்டினால், 'சர்வதேச ஆய்விதழில் வெளியானது' என்று செய்தியில் போட்டுக்கொள்ளலாம். யாராவது ஒரு பேப்பரைக் காட்டினால், இதழ் பெயரைவிட முதலில் நான் பார்ப்பது வேறு: வந்து எத்தனை வருடம் ஆச்சு, அதற்குப் பிறகு அதே துறைக்காரர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்களா, மறுத்தார்களா, கண்டுகொள்ளவே இல்லையா என்று.

கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடுதானே? கூடினால் வெள்ளாமை நல்லாத்தானே வரும்?

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் நல்ல ஆய்விதழ்கள்தான் சொல்லியிருக்கின்றன. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோளில் தெரியும் உலகப் பசுமைக் கூடுதலில் சுமார் 70 சதவீதத்துக்குக் கரியமில வாயுவே காரணம் என்றது. அந்த வாயுவால் நேரடியாகப் பலன் பெறுவது நெல், மஞ்சள், தென்னை, நிலக்கடலை போன்றவை. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. அவை ஏற்கனவே வாயுவைத் திறமையாகப் பிடிப்பதால் கூடுதலாகக் கிடைத்தாலும் பெரிதாகப் பலன் இல்லை, வறட்சியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமாகும், அவ்வளவுதான். நாமக்கல் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இந்தச் செய்தியில் சந்தோஷப்பட அதிகம் இல்லை. கரியமில வாயு கூடிய காற்றில் வளர்ந்த நெல்லிலும் கோதுமையிலும் புரதம், இரும்பு, துத்தநாகம் குறைகிறது என்பதும் வயல் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நெல் பூக்கிற நாட்களில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனால் பதர் கூடும். தண்ணீர் இல்லாத தோப்பில் தென்னைக்கு எவ்வளவு வாயு இருந்து என்ன?

காற்றாடி வந்த பிறகுதானுங்க எங்க பக்கம் மழை இல்லை. மேகத்தை விரட்டிருதே?

பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் அதிகம் கேட்கும் கேள்வி. காற்றாடி என்று நாம் சொல்லும் காற்றாலையின் இறக்கை நுனி நூற்றைம்பது, இருநூறு மீட்டர் உயரம். மழை மேகத்தின் அடிப்பாகமே பெரும்பாலும் அதற்கு மேல் பல நூறு மீட்டர் தள்ளித்தான் தொடங்கும். நல்ல இடிமேகம் பத்து கிலோமீட்டருக்கு மேல் எழும்பும். விரட்டுவதற்கு எட்டாது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தபோது, இந்தப் பேச்சு வலுத்தது. அந்த வருடம் காற்றாடி இல்லாத டெல்டாவும் காய்ந்தது. முதலில் ஒன்று: பல்லடமும் தாராபுரமும் மலை மறைவுப் பகுதி, அங்கே எப்போதும் மழை குறைவு. கணவாய்க் காற்று பலமாக வீசுவதால்தான் காற்றாடிகளை அங்கே கொண்டுவந்து நட்டார்கள். மழை குறைந்த, காற்று மிகுந்த இடத்தைத் தேடி வந்தவை அவை.

ஆனால் காற்றாடியால் ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல முடியாது. 2012-ல் டெக்சாஸ் காற்றாலைப் பகுதிகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்த ஓர் ஆய்வு, இரவில் அந்த நிலப்பரப்பு சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதைக் காட்டியது. இறக்கைகள் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே கலக்கிவிடுகின்றன. புதிதாக வெப்பம் உண்டாவதில்லை. ஒழுங்காக எழுதிய கட்டுரை அது. 'காற்றாலைகளே புவி வெப்பத்துக்குக் காரணம்' என்று மறுநாளே தலைப்புப் போட்டார்கள், எழுதியவர்களே தலையில் அடித்துக்கொண்டு விளக்கம் தர வேண்டியிருந்தது.

நம் பகுதி மழைமானிப் பதிவுகள் காற்றாடிகள் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கின்றன. நடுவதற்கு முன், நட்ட பின், காற்றாடி உள்ள வட்டம், இல்லாத பக்கத்து வட்டம் என்று பிரித்து ஒப்பிடுவது பெரிய செலவு பிடிக்கிற வேலையும் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்து மாணவர் யாராவது அதைச் செய்து, தரவையும் கூடவே வெளியிட்டால், எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் முதல் ஆளாகப் படிப்பேன்.